தோல்விகளையும் எழுதியவர்

எனக்குக் காற்பந்து பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னபோது துணை முதல்வர் சிரித்தார். "தெரியத் தேவையில்லை. அதற்குப் பயிற்றுவிப்பாளர் இருக்கிறார். பையன்களின் வருகையைக் குறித்து வையுங்கள், பேருந்துக்குச் சொல்லுங்கள், மின்னஞ்சல் வந்தால் பதில் போடுங்கள். அவ்வளவுதான்" என்றார். அதுவரை காற்பந்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்த இயற்பியல்காரர் வேறு கல்லூரிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அந்த ஆண்டு தமிழுக்கு எனக்கு இரண்டே வகுப்புகள். யாருக்கு நேரம் இருக்கிறது என்று தேடியிருப்பார்கள், நான் அகப்பட்டேன்.

அது ஒரு தொடக்கக் கல்லூரி. பிள்ளைகள் இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார்கள். நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கள் எங்களிடம் வருவதில்லை. நன்றாகப் பந்தாடுகிறவர்களும் வருவதில்லை. மற்ற கல்லூரிகள் எடுத்தது போக மீந்தவர்கள் வந்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் பயிற்சி நாளில் டியூஷன் இருக்கிறது என்பார்கள்.

முதல் நாள் திடலுக்கு நான் சேலையோடு போய் நின்றேன். மழை பெய்து ஓய்ந்த புல். செருப்பு அமிழ்ந்தது. தொப்பி போட்ட ஒல்லியான ஒருவர் ஓடி வந்து, தமிழில், "டீச்சர், அந்தப் பக்கம் சிமெண்டு இருக்கு, அங்க நின்னுக்குங்க" என்றார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வடக்குக் கரையிலுள்ள செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே கப்பல் பட்டறையில் சாயம் அடிக்கிற வேலையில் இருந்தவராம். இளவயதில் நன்றாக ஆடியவர், முழங்கால் போன பிறகு பயிற்சி கொடுக்க வந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. பையன்கள் எல்லோரும் அவரைக் கோச் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எனக்கு வந்து சேர்ந்த கோப்பில் அவருடைய விண்ணப்பம் இருந்தது. ஒரே தாள். பூப்பந்துப் பயிற்றுவிப்பாளரின் விண்ணப்பத்தை அதற்கு முன் பார்த்திருக்கிறேன். நான்கு பக்கம், முழுக்கக் கோப்பைகள். இவருடைய தாளில் ஒரு கட்டம் போட்டிருந்தது. எந்த அணி, எத்தனை ஆண்டு, வெற்றி, சமன், தோல்வி. முதலில் ஒரு தொழில்பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டு: நான்கு, ஐந்து, பன்னிரண்டு. அடுத்து ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியின் இரண்டாம் அணி: மூன்று, இரண்டு, ஒன்பது. பிறகு வேறொரு தொடக்கக் கல்லூரியில் நான்கு ஆண்டு: ஆறு, ஏழு, பதினேழு. அதன் பிறகு நாங்கள். கூட்டிப் பார்த்தேன். வெற்றி பதின்மூன்று, தோல்வி முப்பத்தெட்டு. எங்கள் கல்லூரி இவரை எப்படி எடுத்தது என்று அலுவலகத்தில் கேட்டேன். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்றார்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு அவரிடமே கேட்டேன். "கோச், தோத்ததெல்லாம் எதுக்கு எழுதறீங்க? மத்தவங்க யாரும் எழுதறதில்லையே."

"தோத்த மேட்சுக்கும் நான்தானே கோச், டீச்சர்? அன்னிக்கு நான் லீவு போடலையே."

சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் நல்ல பயிற்றுவிப்பாளர்தானா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. எனக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று தண்ணீர் போத்தல்களைத் தரையில் அடுக்கி நான்கு தடவை விளக்கினார்; ஐந்தாவது தடவை புரிந்தது. பையன்களிடமும் அதே பொறுமைதான். ஆனால் சில ஆட்டங்களில் தவறான ஆளை வெளியே எடுத்தார் என்று பையன்களே முணுமுணுத்தார்கள். முன்னிலையில் இருக்கும்போது பயந்து எல்லோரையும் பின்னால் இழுத்துக்கொள்வார் என்றும் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அத்தனை பேருக்கும் கை கொடுத்துவிட்டு வருவார். பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்ப்பார். அதற்கு வெகுநேரம் ஆகும். அப்போது யாரும் அவர் பக்கம் போவதில்லை.

அந்த முதல் பருவத்தில் ஒரு சமன், மற்றதெல்லாம் தோல்வி.

அடுத்த ஆண்டு எங்கிருந்தோ மூன்று நல்ல பையன்கள் வந்து சேர்ந்தார்கள். அணித்தலைவன் ஒரு மலாய்ப் பையன். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்ட மாதிரி போகும். பின்வரிசையில் ஒரு நெட்டைச் சீனப் பையன். கோல்காப்பாளனும் புதியவன், பேசவே மாட்டான், ஆனால் எதையும் பிடித்துவிடுவான். அந்த மூவரையும் வைத்துக்கொண்டு கோச் ஒரு ஆட்டத்தில் வென்றார், இரண்டைச் சமன் செய்தார், ஒன்றில் தோற்றார். பிரிவின் கடைசி ஆட்டத்தில் வென்றால் அடுத்த சுற்று. பழைய அந்தப் பதின்மூன்று வெற்றிகளுக்குள் அவர் ஒரு தடவைகூட அடுத்த சுற்றுக்குப் போனதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஆட்டம் பிற்பகல் நான்கு மணிக்கு. இடைவேளைக்கு முன்பே அணித்தலைவன் கோல் போட்டான். நான் என்னையறியாமல் கத்தினேன். இரண்டாம் பாதியிலும் எங்கள் பையன்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கோச் எல்லைக்கோட்டின் ஓரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றார். இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது, மின்னல் அபாயம் வந்தால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் இடி எச்சரிக்கை ஒலித்தது. பார்வையாளர் படிக்கட்டின் கூரைக்கு மேலே சிவப்பு விளக்கு சுற்றத் தொடங்கியது. நடுவர் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பினார்.

எல்லோரும் படிக்கட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். ஒரு சொட்டு மழை இல்லை. தூரத்தில், நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பக்கம் வானம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். கோச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுடும் கோச்," என்றேன்.

"நிக்கணும் டீச்சர். நிக்காட்டி ரீப்ளே. முதல்லேருந்து."

"நாம கோல் போட்டுட்டமே?"

"அதெல்லாம் கணக்குல வராது லா."

முக்கால் மணி நேரம் கழித்து நடுவர் முடியாது என்று தலையசைத்தார். ஆட்டம் கைவிடப்பட்டது. நாங்கள் பேருந்தில் ஏறும்போது சிவப்பு விளக்கு அணைந்தது.

மறு ஆட்டம் எப்போது என்று மறுநாள் எனக்கு மின்னஞ்சல் வந்தது. அடுத்த வியாழக்கிழமை என்று போட்டிருந்தது. தேதியைப் பார்த்தேன், வருகைப் பட்டியலில் எழுதினேன், கோச்சுக்குத் தேதியை அனுப்பினேன். மேசையில் கட்டுரைத் தாள்கள் குவிந்து கிடந்தன. மின்னஞ்சலின் கடைசி வரியை நான் படிக்கவில்லை. அந்தத் தேதி ஒத்துவராத அணி மறுநாள் நண்பகலுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

அடுத்த நாள் மாலை கோச் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், வியாழக்கிழமை நம்ம மூணு பேரும் பயாலஜி டிரிப்புல இருப்பாங்களாமே. தீவுக்குப் போறாங்களாம். கேப்டன், டிஃபெண்டர், கீப்பர். தேதி மாத்தச் சொல்லிக் கேட்டீங்களா?"

மின்னஞ்சலைத் திறந்து முழுக்கப் படித்தேன். மணி ஆறாகியிருந்தது. உடனே ஏற்பாட்டாளர்களை அழைத்தேன். நேரம் முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்கள். பிறகு கோச்சை அழைத்து, "கேட்டேன் கோச். ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்றேன்.

கேட்டது உண்மை. எப்போது கேட்டேன் என்பதைச் சொல்லவில்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு மொழி கற்பிக்கிறேன். ஒரு வாக்கியத்தில் எதை விட்டால் அது பொய்யாகும் என்று எனக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை மாற்று ஆட்டக்காரர்களை வைத்துக் களம் இறங்கினோம். இடைவேளையிலேயே மூன்று கோல் பின்தங்கியிருந்தோம். முடிவில் ஐந்துக்குப் பூஜ்யம். கோச் வழக்கம்போல எதிரணியிடம் போய்க் கை கொடுத்தார். நான் பக்கத்திலேயே தண்ணீர்ப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். எதிரணிப் பயிற்றுவிப்பாளர் நல்ல மனிதர். அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "உன் பையன்கள் மூன்று பேர் இல்லையாமே, ஏன் தேதி மாற்றச் சொல்லவில்லை? முதல் நாளே கேட்டிருந்தால் நாங்கள் சரி என்றிருப்போம். என்னிடம் யாருமே கேட்கவில்லையே."

கோச் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதைப் படித்துவிட்டார். பிறகு அந்தப் பயிற்றுவிப்பாளரிடம், "பரவாயில்லை, பையன்கள் ஆட ஆசைப்பட்டார்கள்" என்று சொல்லிவிட்டு பெஞ்சுக்குப் போய்க் காலணியை அவிழ்க்க உட்கார்ந்தார்.

அன்றைக்கு மட்டும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேருந்துக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று பையன்களை ஏற்றுவதில் மும்முரமாக இருந்துகொண்டேன். பேருந்திலும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உட்லண்ட்ஸ் வந்து நான் இறங்கும்போது, "டேக் கேர் டீச்சர்" என்றார். எப்போதும் சொல்வதுதான்.

ஒரு மாதம் கழித்து துணை முதல்வர் என்னைக் கூப்பிட்டார். மாணவர் எண்ணிக்கை குறைகிறது, சில நடவடிக்கைகளை நிறுத்த வேண்டியிருக்கிறது, காற்பந்து அதில் ஒன்று என்றார். கோச்சின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை. அதற்குப் பொறுப்பாசிரியரின் மதிப்பீடு வேண்டும். படிவத்தை என் முன்னால் தள்ளினார். அணியின் முடிவுகள் எப்படி என்று ஒரு கேள்வி.

"இந்த வருடம் கொஞ்சம் பரவாயில்லை," என்றேன்.

"அடுத்த சுற்றுக்குப் போனீர்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று எழுதலாமே. அதில் பொய் இல்லையே. நீங்கள் என்ன எழுதினாலும் முடிவு இதுதான்."

அதில் பொய் இல்லைதான். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இடியைப் பற்றியும் வியாழக்கிழமையைப் பற்றியும் எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. இடம் இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை. எழுதியிருந்தால் என்னுடைய தவறை அல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பந்துப் பைகளையும் கூம்புகளையும் ஒப்படைக்க அவர் கடைசியாக வந்தார். பண்டக அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். எல்லாவற்றையும் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"லெட்டர் வந்துச்சு டீச்சர்."

"தெரியும் கோச்."

"ரிப்போர்ட் நீங்க எழுதுனதா?"

"ஆமா."

தலையை ஆட்டினார். ஒரு பந்தைக் கையில் அழுத்திப் பார்த்து, காற்று இருக்கிறதா என்று சோதித்துப் பைக்குள் போட்டார். "'சிக்னிஃபிகன்ட்' இம்ப்ரூவ்மென்ட் இல்லன்னுதானே போட்டிருக்கு? அப்ப கொஞ்சம் இருந்துச்சுன்னு வச்சுக்கறேன் லா."

பண்டக அறையைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்தேன்.

பிறகு எங்கள் கல்லூரி இன்னொரு கல்லூரியோடு இணைக்கப்பட்டது. நாங்கள் இருந்த கட்டடம் காலியானது. என்னை வடக்கே வேறொரு கல்லூரிக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் பக்கம் என்று என் கணவர் சந்தோஷப்பட்டார். அங்கே விளையாட்டுத் துறைத் தலைவர் ஒரு இளைஞர், எல்லாவற்றையும் கணினியில் வைத்திருப்பார். மூன்றாம் ஆண்டில், காற்பந்துக்குப் புதிய தலைமைப் பயிற்றுவிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில் என்னையும் உட்காரச் சொன்னார். முன்பு காற்பந்துப் பொறுப்பில் இருந்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது ஆளாகக் கோச் உள்ளே வந்தார். தொப்பி இல்லை, முடி முழுக்க நரைத்திருந்தது. முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அது என்னை மிகவும் வருத்தியது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்திருப்பார்.

"வணக்கம் மேடம்," என்றார். மற்றவர்கள் இருக்கிறார்கள் என்று 'டீச்சர்' என்பதை விட்டுவிட்டார்.

அதே கட்டம் போட்ட தாள். இப்போது ஐந்து அணிகள். எங்களுக்குப் பிறகு ஒரு தனியார் கல்லூரியில் ஓராண்டு இருந்திருக்கிறார். அந்த அணியும் கலைக்கப்பட்டதாம். எங்கள் வரிசையில் அந்த ஐந்துக்குப் பூஜ்யம் தோல்வியாகச் சேர்ந்திருந்தது. இடி வந்த ஆட்டம் எதிலும் இல்லை. முடியாத ஆட்டத்துக்குக் கட்டம் இல்லை.

துறைத் தலைவர் அந்தத் தாளை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு மரியாதையாகவே கேட்டார்: "இவ்வளவு தோல்விகளில், ஜெயித்திருக்க வேண்டியது என்று நீங்கள் நினைக்கிற ஆட்டம் ஏதாவது உண்டா? ஏன் தோற்றீர்கள்?"

கோச் கொஞ்சம் யோசித்தார். "ஒன்று உண்டு. முன்னிலையில் இருந்தோம். இடி எச்சரிக்கை வந்து நின்றுவிட்டது. மறு ஆட்டத்தில் தோற்றோம்."

"மறு ஆட்டத்தில் ஏன்?"

"முக்கியமான பையன்கள் மூன்று பேர் வெளியூர் போயிருந்தார்கள். மற்றவர்களை நான் சரியாகத் தயார்செய்திருக்க வேண்டும்."

என் பக்கம் பார்க்கவே இல்லை. அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் போதும். அந்தத் தவறு அவருடையதல்ல, என்னுடையது என்று. நான் அவருடைய தாளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். எனக்கும் கொடுத்தார்.

கதவு மூடியதும் துறைத் தலைவர் என்னிடம், "உங்களுக்கு இவரை முன்பே தெரியுமா?" என்றார்.

"ஒரே கல்லூரியில் கொஞ்ச நாள் இருந்தோம்."

"ஆள் எப்படி?"

"நல்லவர்," என்றேன்.

நேர்காணல்களில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வேறு எதுவும் சொல்வதற்கு இல்லாதபோது சொல்வது. மூன்றாவதாக வந்தவரை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதை ஃபாதரிடம் சொன்னேன். ஒரு காற்பந்து ஆட்டத்துக்காகவா என்று நினைப்பாரோ என்று கூச்சமாக இருந்தது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இதை அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "சொல்லுங்க," என்றார். கோச்சின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. பல நாள் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். ஈரத் தரையில் கூட்டத்துக்குள் நடக்கும்போது, "டீச்சர்" என்று ஒரு குரல். கோச். பக்கத்தில் அவருடைய மனைவி, கையில் கீரைக்கட்டோடு. கோச் இன்னும் இளைத்திருந்தார். இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பாதுகாவலர் வேலையாம். பன்னிரண்டு மணி நேர வேலை, முழங்காலுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

"கோச்சிங்?" என்றேன்.

"விட்டாச்சு டீச்சர். அஞ்சு டீம் போதும்."

அவருடைய மனைவி இடைமறித்தார். "வீட்டுல ஃபுட்பால் பேச்சே கெடையாது டீச்சர். டிவியில மேட்ச் வந்தாக்கூட சேனல் மாத்திடுறாரு. பேரன் பந்து கொண்டாந்தா, கீழ போய் விளையாடு, என்னைக் கூப்பிடாதன்னுடுறாரு."

"சும்மா இரு லா," என்றார் அவர், கோபமில்லாமல்.

இதை விட்டால் வேறு நேரம் வராது என்று எனக்குத் தெரிந்தது. "கோச், அன்னிக்கு அந்த ரீப்ளேக்கு, தேதி மாத்தச் சொல்லி நான்தான் சரியான நேரத்துல கேக்கல. மெயில முழுசாப் படிக்கல. உங்ககிட்ட கேட்டேன்னு சொன்னேன். அது பொய். ரிப்போர்ட்டுலயும் நான் எழுதியிருக்கணும். இன்டர்வியூலயாவது சொல்லியிருக்கணும்."

பக்கத்தில் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். அவர் கையிலிருந்த பையை மற்ற கைக்கு மாற்றினார். "தெரியும் டீச்சர். அன்னிக்கே தெரியும்."

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டு?" என்றார். கீரைக்கட்டை மனைவியிடமிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த மூணு பேரு இருந்திருந்தாலும் ஜெயிச்சிருப்போமான்னு யாருக்குத் தெரியும்? ஜெயிச்சிருந்தா அடுத்த ரவுண்டுல தோத்திருப்போம். எல்லாம் ஒண்ணுதான்."

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று அதை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். ஆனால் அவர் குரலில் மன்னிப்பு இல்லை, கோபமும் இல்லை. தண்ணீர் போத்தல்களை அடுக்கி எனக்கு ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்த மனிதர் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லமாட்டார். இவர் வேறு யாரோ. அந்த மனிதர் எந்த இடத்தில் நின்றுபோனார் என்று யோசித்தேன். திடலிலா, பண்டக அறையிலா, நேர்காணல் அறையிலா? மூன்று இடத்திலும் நான் இருந்திருக்கிறேன்.

"நாங்க வர்றோம் டீச்சர், இவருக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி," என்றார் அவருடைய மனைவி. இருவரும் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்துப் பக்கம் போனார்கள். அவர் வலது காலை லேசாக இழுத்து நடந்தார்.

நான் மீன்கடைக்குப் போனேன். கடைக்காரர் வஞ்சிர மீனைக் குழம்புக்கு வெட்டவா, வறுக்க வெட்டவா என்று கேட்டார். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.